குறி இடாத தொட்டி

"குறி போடாதது எங்க?"

இந்தக் கேள்வியை அவர் கேட்காத நாளை நான் அறியேன். மாணவர் ஒருவர் புதிய படத்தைப் பூரிப்போடு நீட்டினாலும் கேட்பார். உரக்கடைக்காரர் புது மருந்தின் பெருமையைச் சொன்னாலும் கேட்பார். மருந்து தெளித்த வயல் செழித்தது சரி, தெளிக்காத வயல் எப்படி இருந்தது என்பதே அக்கேள்வியின் பொருள். கேட்கும்போது குரலில் ஏளனம் இராது. பந்தியில் ஓர் இலைக்கு உப்பு வரவில்லை என்று நினைவூட்டுபவரின் குரலாகவே இருக்கும்.

தஞ்சையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவர் உயிரணு ஆய்வாளராக இருந்தார். கல்லூரித் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் அறிவியல் காலாண்டிதழின் பதிப்பாசிரியனாகச் சென்றுவந்தேன். இருவருக்கும் ஊர் பூதலூர். காலைப் பயணிகள் வண்டியில் ஏறி, ஆலக்குடி கடந்து, தஞ்சையில் இறங்கும் வரையிலான நேரமே எங்கள் நட்பின் களம். அவருக்கு அப்போது நாற்பது நிரம்பவில்லை. நிலபுலன் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். கணவர் குவைத்தில் எந்திரம் பழுதுபார்க்கும் பணியில் இருந்தார். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள்; ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு. அவ்வளவுதான் அவர்களுடைய இல்வாழ்க்கை. பத்து வயதில் ஒரு மகள். அந்த அம்மையாரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை.

எங்கள் பழக்கம் ஒரு சிறு பூசலில் தொடங்கியது. வண்டியில் மூட்டுவலி எண்ணெய் விற்பவர் ஒருவர் என்னிடம் வந்து, "மூணே நாளு தடவுங்க சார், நாலாம் நாளு ரயிலுக்கு முன்னால நீங்க ஓடுவீங்க" என்றார். ஒரு புட்டி வாங்கினேன். எதிர் இருக்கையிலிருந்த அந்த அம்மையார் கேட்டார்:

"ஐயா, ரெண்டு முழங்காலும் வலிக்குதுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப ஒண்ணுக்கு மட்டும் தடவுங்க."

"ஏம்மா, இன்னொரு கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது சாட்சிக் காலுங்க ஐயா. அது பேசாம இருந்தாத்தான் இது சொல்றத நம்பலாம்."

எனக்குச் சினம் வந்தது. ஆயினும் வீட்டிற்குச் சென்று வலக்காலுக்கு மட்டுமே தடவினேன். ஒரு வாரத்தில் இரண்டு கால்களும் ஒருங்கே நலம் பெற்றன. மறைக்க மனமின்றி அவரிடம் அதைச் சொன்னபோது வண்டிப்பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி நகைத்தார். "மழை விட்டுச்சுல்ல, அதாங்க மருந்து. நல்லவேளை, ரெண்டுக்கும் தடவியிருந்தா அந்த எண்ணெய்க்குக் கோயில் கட்டியிருப்பீங்க."

அவருடைய ஆய்வை இதழுக்கு எழுதச் சொல்லிப் பல நாள் வற்புறுத்தினேன். முதலில் எனக்கு விளங்கட்டும், பிறகு எழுதலாம் என்று வண்டியிலேயே பாடம் நடந்தது. பெரிய மின்னணு நுண்ணோக்கி உயிரணுவின் உள்ளறைகளைச் சுவர் சுவராகக் காட்டவல்லது. எனினும் ஒரு குறிப்பிட்ட புரதம் எந்தச் சுவரை ஒட்டி உறைகிறது என்பதை அது காட்டாது. அதன் பார்வையில் எல்லாப் புரதமும் ஒரே சாம்பல் நிறம்.

"திருவையாத்து உற்சவக் கூட்டத்த மாடி மேலேருந்து பாக்குறீங்கன்னு வச்சுக்கங்க. உங்க வீட்டம்மா எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தேடவும் மாட்டீங்க, அது வேற." பெட்டியில் இருந்த பெண்கள் சிரித்தனர். "அவங்க கையில ஒரு சாம்பிராணித் தட்டக் குடுத்து அனுப்பிட்டா? புகை எங்கேருந்து வருதோ, அங்க இருக்காங்க."

அந்தத் தட்டுதான் அவருடைய ஆய்வுப் பொருள். அதை வெளியிலிருந்து எவரும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. நாம் காண விரும்பும் புரதத்துக்குரிய மரபணுவின் வாலில் இன்னொரு சிறு புரதத்துக்குரிய எழுத்துகளையும் சேர்த்து எழுதிவிட்டால், உயிரணுவே இரண்டையும் ஒட்டிப்பிறந்தவையாக ஆக்கிவிடும். அச்சிறு புரதம் பட்டாணியிலிருந்து எடுத்த ஒரு நொதி. ("நம்ம சுண்டல் பட்டாணிதாங்க" என்பார்.) உரிய வேதிப்பொருள்களை ஊட்டினால் அந்நொதி தானிருக்கும் இடத்தில் பழுப்புப் படிவு ஒன்றை உண்டாக்கும். ஓர் உலோகச் சேர்மம் அப்படிவைப் பற்றிக்கொள்ள, நுண்ணோக்கியில் அவ்விடம் மைதொட்டு வைத்ததுபோல் கறுக்கும். தன் இருப்பிடத்தைத் தானே எழுதிக் காட்டும் புரதம்! நான் மகிழ்ந்துபோய் அதற்குத் 'தன்னிருப்புணர்த்திப் புரதம்' என்று பெயர் சூட்டினேன்.

"பேரு ரொம்ப நீளமா இருக்குங்க ஐயா. புரதமே சின்னது."

இரண்டு நாள் வாதாடி, 'குறிப்புரதம்' என்பதில் உடன்பட்டோம்.

விலங்கு உயிரணுக்களில் இவ்வழி எளிதாகக் கைகூடியது. செடியில்தான் தொல்லை. அதே வகை நொதிகள் செடிகளுக்குச் சொந்தமாகவே மிகுதியும் உண்டு. "கூட்டத்துல பாதிப்பேரு கையில ஏற்கெனவே சாம்பிராணி இருக்குங்க. அதுல உங்க வீட்டம்மா புகை எது?" ஆகவே குறியிட்ட நெல்லுக்குப் பக்கத்திலேயே குறியிடாத நெல்லையும் வளர்த்து, இரண்டின் வேருக்கும் ஒரே வேதிப்பொருளை ஊட்டி, ஒரே நாளில் படமெடுக்க வேண்டும். குறியிட்டது மட்டும் கறுத்து மற்றது வெளுத்திருந்தால்தான் அந்தக் கறுப்பு, குறியின் கறுப்பு. அவருடைய ஓயாத கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை அன்று அறிந்தேன்.

ஒருமுறை அவருடைய மகள் நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். மாமியார் மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். நேர்த்திக்கடன் தீர்க்க இவரும் மெழுகுவத்தி ஏந்திச் சென்றுவந்தார். எனக்குக் குறும்பு தலையெடுத்தது. "ஏம்மா, அங்கே மட்டும் குறி போடாததைக் கேட்க மாட்டீர்களோ?" என்றேன்.

"நான் அங்க ஆராய்ச்சி பண்ணப் போகலைங்க ஐயா. அழப் போனேன்."



கடைமடைப் பகுதியில் நிலம் உப்பேறி வருவதை நாமறிவோம். அந்த உப்பை நெல் வேர் தன் உயிரணுக்களின் நீர்ப்பைக்குள் அடைத்துவைக்க உதவும் ஒரு புரதத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். நான்காண்டு உழைப்புக்குப் பின் அந்தப் படம் கிடைத்தது. சாம்பல் நிற உயிரணுவின் நடுவே நீர்ப்பையின் விளிம்பு மட்டும் தூரிகையால் இழுத்த கோடாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் குறியிடாத நெல்லின் படம். அதில் விளிம்பு வெளுத்தே இருந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. எங்கள் இதழின் முன்னட்டையில் நான் அந்தக் கோட்டை முழுப்பக்கத்துக்கு அச்சிட்டேன்.

படத்தைக் கண்டு ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழுத் தலைவர் மடல் எழுதினார். மூன்றாண்டுப் பணி, குடும்பத்தோடு வரலாம். அந்த மடலை அவர் எனக்கு வண்டியிலேயே படித்துக் காட்டினார். 'குடும்பத்தோடு' என்ற சொல்லுக்கு வந்ததும் சற்று நின்று, மீண்டும் அவ்வரியை முதலிலிருந்து படித்தார். கணவர் குவைத்தில் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டார். மகள் சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக் கண்ணாடி முன் நிற்கிறாள் என்று ஒருநாள் சொன்னார். மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழப்போகும் முதல் வீட்டைப் பற்றி அவர் பேசியதெல்லாம் ஒன்றே: "அடுப்படி எந்தப் பக்கம் இருக்கும்னு தெரியலைங்க ஐயா."

அந்த மகிழ்ச்சியைக் குலைத்தவன் நானே என்பதை எழுதாமல் இருக்க இயலவில்லை. கட்டுரை எழுதியவரைப் புகழ்ந்த இதழ், பயிரை வளர்த்தவரை ஒரு வரியிலேனும் சொல்ல வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. பசுங்குடிலில் தொட்டிகளைப் பேணியவர் அஞ்சலை, ஐம்பது வயது, பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வருமுன் முப்பது ஆண்டு நடவு நட்ட கை. ஒருநாள் முற்பகல், ஆய்வாளரோடு குடிலுக்குள் சென்று அவரிடம் கேட்டேன்.

"இந்தப் பயிரை எப்படிம்மா வளர்த்தீங்க?"

"வளக்குறதுக்கு என்னாங்க சார் இருக்கு, நெல்லுதானே. தொட்டிக்கு ஒரு குவளை தண்ணின்னு அளந்து குடுத்தாங்க டாக்டரம்மா. ஒரு குவளை எந்த மூலைக்கு? நெல்லு தண்ணியில நிக்க வேணாமா? அம்மா குனிஞ்சு குனிஞ்சு பாக்குற தொட்டி இருக்குல்ல, அதுக்கு மட்டும் சாயங்காலம் போறப்ப ஒரு விரக்கட தண்ணி நிறுத்திட்டுப் போவேன். அம்மா உசுரக் குடுத்து வளக்குற பயிராச்சே!"

அவர் முகத்தில் பெருமிதம் பொங்கியது. ஆய்வாளர் மெல்லக் கேட்டார்: "அந்தப் பக்கத் தொட்டிக்கு, அக்கா?"

"அது வெறும் நெல்லுதானேம்மா. காஞ்சா காயட்டும்னு விட்டுட்டேன்."

"எத்தன நாளா?"

"மொதல்லேருந்துதான்."

ஆய்வாளர் சினக்கவில்லை. அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. குறியிடாத தொட்டி இருந்தது. ஆனால் அது இணையாக இல்லை. ஒன்று நீரில் நின்றது, மற்றொன்று வெறும் ஈரத்தில் நின்றது. நீர் தேங்கி மூச்சுமுட்டும் வேர், தன் சொந்த நொதியை மிகுதியாக ஆக்கிக்கொள்ளக்கூடும். அப்படியாயின் அந்தக் கறுப்புக்கோடு குறியால் வந்ததா, தண்ணீரால் வந்ததா? உலகின் வேறெந்த ஆய்வகத்திலும் இப்பிழை நேர்ந்திருக்குமா என்பது ஐயமே. நெல்லைத் தண்ணீரில்லாமல் பார்க்கப் பொறுக்காத கை அது. அதுவும், அன்பு வைத்த நெல்லை.

அன்றே நான்கு தொட்டிகள் வைத்தார். குறியிட்டதில் ஒன்று நீரிலும் ஒன்று ஈரத்திலும், குறியிடாததிலும் அவ்வாறே. நீரை அஞ்சலையே ஊற்றட்டும் என்றார். ஆனால் இம்முறை ஏன் என்று அவருக்கு அருகமர்ந்து சொல்லிக்கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, நீரில் நின்ற இரு வேர்களின் படங்களை வண்டியில் என் மடிமீது வைத்தார்.

"எது குறி போட்டது, சொல்லுங்க ஐயா."

இரண்டிலும் அதே நீர்ப்பை, அதே கறுத்த விளிம்பு. "தெரியவில்லையம்மா" என்றேன்.

"எனக்கும் தெரியலைங்க." பிறகு மூன்றாவது படத்தை எடுத்தார், ஈரத்தில் வளர்ந்த குறியிட்ட நெல். அதில் விளிம்பு வெளுத்திருந்தது. "என் குறி பேசவே இல்லைங்க ஐயா. பேசுனது பூரா தண்ணி."

ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், ஐரோப்பாவுக்கு உண்மையை உரைத்தும் இரண்டு மடல்கள் எழுதப்போவதாகச் சொன்னார். அப்போது நான் கூறிய அறிவுரையை இன்று எண்ணினும் நாணுகிறேன். "சில வாரம் பொறுங்கள். அந்நாட்டு நுழைவிசைவு வரட்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் எழுதினால் என்ன குறைந்துவிடும்? உண்மை எங்கும் ஓடிப்போகாதே" என்றேன். தமிழில் நயமாகச் சொன்னால் எதுவும் நியாயமாகத் தோன்றும் போலும்.

அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டே விடை சொன்னார். "அங்க போய் எந்த நாற்காலியில உக்காந்து எழுதுவேன்? அவங்க குடுத்த நாற்காலியிலதானே?"

அன்று மாலையே மடல்கள் சென்றன.

துறைத் தலைவர் கொதித்தார். அஞ்சலையை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம், மடலிலும் பணியாளர் பிழை என்று எழுதலாம் என்றார். "குவளையக் குடுத்தது நான் சார். ஏன் குவளைன்னு சொல்லிக் குடுக்காததும் நான்தான். மடல்ல என் பேருதான் இருக்கும்" என்று சொல்லி ஆய்வாளர் எழுந்து வந்துவிட்டார். குடில் வாயிலில் அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லதுன்னு நெனச்சுதானேம்மா செஞ்சேன்!"

"நல்லதுதான்க்கா செஞ்சீங்க. அந்த நல்லத இந்தத் தொட்டிக்கும் செஞ்சிருக்கலாம், அவ்வளவுதான். வாங்க, டீ குடிப்போம்."

அடுத்த இதழில் திருத்தம் ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அடக்கிவிட முயன்றேன். மெய்ப்புத்தாளைப் பார்த்தவர், "படம் அட்டையில வந்துச்சு. தப்புன்னு சொல்றது பின்னாடி வரலாமாங்க?" என்றார். இதழைப் படிப்போர் சில நூறு பேர்தாமே என்றேன். "அந்தச் சில நூறு பேருகிட்டதானே தப்பா சொன்னோம்?" என்றார். முன்னட்டையில் இரண்டு கறுத்த விளிம்புகளும் அக்கம்பக்கமாக அச்சேறின. என் பதிப்பாசிரியப் பணியில் நான் வெட்கமும் பெருமையும் ஒருங்கே கொண்ட இதழ் அது ஒன்றே.

ஐரோப்பியரின் விடை பண்போடு இருந்தது. நேர்மையை வியந்து இரண்டு பத்தி. திட்டமே அந்தப் படத்தின்மேல் எழுப்பப்பட்டதாகையால் பணிக்கு இனி இடமில்லை என்று ஒரு வரி. குவைத்திலோ பணிவிலகல் ஏற்கப்பட்டு வேறொருவர் அமர்த்தப்பட்டிருந்தார். கணவர் பெட்டிகளோடு பூதலூர் வந்து சேர்ந்தார். வேலையுமில்லை, பயணமுமில்லை. வந்த முதல் வாரம் மகள் அவரைவிட்டு அகலவில்லை என்றும், மாமியார் நாள்தோறும் மீன் வாங்குகிறார் என்றும் அம்மையார் சொல்லக் கேட்டு, துன்பம் தன் வழியிலேயே ஒரு நன்மையைக் கொணர்ந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். இத்தகைய முடிவுகளுக்கு விரைவது முதுமையின் இயல்பு.

ஒருநாள் காலை கணவரும் நிலையத்துக்கு வந்திருந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த, அமைதியான மனிதர். மனைவியின் பையைத் தோளில் மாட்டியிருந்தார். அறிமுகம் முடிந்தபின், ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்று, "உங்கள் துணைவியார் செய்தது பெரிய செயல். எவர்க்கும் அவ்வளவு எளிதில் மனம் வராது" என்றேன்.

"அதுல என்னாங்க சந்தேகம்" என்றார். "படம் தப்புன்னா தப்புதானே. சொல்லித்தான் ஆவணும்." பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."

நான் திடுக்கிட்டேன். மடல் போகுமுன் கணவரிடம் சொல்லியிருப்பார் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றார் மனைவி.

"சொல்லியிருப்பேன்தான்."

"அப்புறம் என்னங்க?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன். நீ எழுதத்தான் போறேன்னு சொல்லியிருப்ப. ரெண்டு நாளு சண்ட போட்டிருப்போம். அப்புறம் எழுதியிருப்ப." அவர் குரல் உயரவேயில்லை. "அந்த ரெண்டு நாளு எனக்கு வேணும்ல? பன்னெண்டு வருசம் மாசாமாசம் போன்ல, சாப்டியா, பாப்பா படிக்கிதான்னு கேட்டுக் கேட்டே போயிடுச்சு. ஒரு சண்டைக்காவது என்னையும் ஒரு ஆளாச் சேத்திருக்கலாம்ல?"

துறைத் தலைவரிடமும் என்னிடமும் நிமிர்ந்து பேசிய முகம் தாழ்ந்திருந்தது. கணவர் பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார், கொடுக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. ஒன்பதரை மணிக்கு அவருக்கு நுண்ணோக்கி ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நான் அறிவேன். தவறவிட்டால் மறுமுறை வர ஒரு வாரமாகும். படியேறித் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏறவில்லை. நடைமேடையில் கணவருக்குப் பக்கத்திலிருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க போங்க ஐயா" என்றார். "நான் இன்னிக்கு வரலை."

வண்டி நகர்ந்தது. கணவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்களேன்" என்று அந்த அம்மையார் சொன்னதும், "சண்டைய ஆரம்பிங்க, கேக்குறேன்" என்று சொன்னதும், வண்டி ஓசையினூடே என் காதில் விழுந்தன.